வர்ற திங்கள்

போன வருஷம், ஆடி முடிஞ்சு ஆவணி பிறந்த சமயம். பெங்களூரு விவேக் நகர்ல நாங்க வாடகைக்கு இருக்கிற வீட்டுல நடந்தது இது. இன்னைக்கும் யாராவது என்கிட்ட, "ஒரு ஸாரி சொல்லிட்டுப் போயேன், குறைஞ்சா போயிடுவே?"ன்னு கேட்டா, எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் ஞாபகம் வரும்.

எங்களுக்குச் சொந்த ஊர் ஆரணி. என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை. முக்கால்வாசி நைட் ஷிஃப்ட், பகல்ல தூக்கம். நான் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ்ல போன் எடுக்கிறேன். கூடவே என் நாத்தனார் இருந்தா, மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. நல்ல பொண்ணு, வாய் கொஞ்சம் நீளம், அதனாலயே எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு.

அவளுக்கு அதுக்கு முன்னாடி ஒரு இடம் பேசி முடிச்சு, மண்டபம் பார்க்கிற நேரத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பின்வாங்கிட்டாங்க. காரணம்னு ஒண்ணும் சொல்லலை. ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க, எல்லாக் காரணமும் பொண்ணு தலையிலதான் விழுந்துச்சு. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா அவ பேர் அவ்வளவுதான்னு வீட்டுல எல்லாருக்கும் பயம்.

இந்த நேரத்துலதான் என் வீட்டுக்காரரோட கூட வேலை பார்க்கிறவர் மூலமா மர்பி டவுன்ல ஒரு சம்பந்தம் வந்துச்சு. தமிழ்க் குடும்பம்தான், தாத்தா காலத்துலயே இங்கே வந்து செட்டில் ஆனவங்க. பையனுக்கு ஷிஃப்ட் வேலை, வார லீவு எந்தக் கிழமை வேணா வரும். அந்த நண்பர் வீட்டு பர்த்டே பார்ட்டியில என் நாத்தனார் அவனைப் பார்த்துப் பேசியிருக்கா. வீட்டுக்கு வந்தவ சாம்பார்ல ரெண்டு தடவை உப்பு போட்டா. எனக்குப் புரிஞ்சுபோச்சு.

பையனோட அப்பா என் நம்பருக்குத்தான் போன் பண்ணினார், என் வீட்டுக்காரர் பகல்ல எடுக்க மாட்டார்ங்கிறதால. ஆபீஸ்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது வந்த போன் அது. "வர்ற திங்கள்" பொண்ணு பார்க்க வர்றோம், டைம் பார்த்துச் சொல்றேன்னு சொன்னார். அவங்க பேசுற தமிழ்ல கன்னடம் வரும், உருது வரும், நடுவுல இங்கிலீஷும் வரும். ஆனா இது சுத்தமான தமிழ். திங்கள். எனக்குக் காது நல்லாவே கேட்கும். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் சொன்னேன்.

உடனே ஆரணிக்குப் போன் போச்சு. என் வீட்டுக்காரரோட அண்ணன் ஞாயித்துக்கிழமை சாயங்காலமே பஸ் பிடிச்சு வந்துட்டார். அவரை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். அப்பா இல்லாத வீட்டுல அவர் சொல்றதுதான் சட்டம். "திங்கட்கிழமை எவன்டா பொண்ணு பார்க்க வருவான்?"னு வந்ததுல இருந்தே முணுமுணுத்தார். பையனுக்கு அன்னைக்குத்தான் லீவா இருக்கும்னு நான்தான் சமாதானம் சொன்னேன். திங்கட்கிழமை ராகு காலம் காலையிலேயே முடிஞ்சிடும், பத்து மணிக்கு மேல எப்ப வேணா வருவாங்கன்னு நானே கணக்கும் போட்டேன்.

காலையில கேசரி கிண்டியாச்சு. பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவியாச்சு. நாத்தனார் மாம்பழ மஞ்சள் கலர் புடவை கட்டி, மல்லிகைப்பூ வெச்சு நின்னா. போட்டோ எடுக்கலாம்னு போனைத் தூக்கினா, இடமில்லை, ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு காட்டுது. அவசரத்துல கண்ணுல பட்ட பழைய வீடியோ, பெரிய ஃபைல் எல்லாத்தையும் டிக் பண்ணி அழிச்சுட்டு, நாலு போட்டோ எடுத்தேன்.

பத்து மணி ஆச்சு, பன்னிரண்டு ஆச்சு. மதியம் ஆச்சு. யாரும் வரலை. போன் பண்ணிக் கேட்கலாம்னு நான் சொன்னா, மாமா விடலை. பொண்ணு வீட்டுக்காரங்க நாமளா கூப்பிட்டா கெஞ்சுற மாதிரி ஆயிடுமாம். நாலு மணிக்கு நாத்தனார் உள்ளே போய்ப் பூவை எடுத்துக் கட்டில் மேல வெச்சுட்டு வந்து உட்கார்ந்தா.

கெஞ்சக் கூடாதுன்னு சொன்ன மனுஷன், அஞ்சு மணிக்கு மேல அவரே அந்த நம்பரைக் கூப்பிட்டார். கெஞ்சலை. கத்தினார். ஆளை வரவழைச்சுட்டு அசிங்கப்படுத்துறீங்களா, எங்களை என்னன்னு நினைச்சீங்கன்னு ஆரம்பிச்சு, வாயில வந்ததெல்லாம் பேசினார். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, மாமா முகம் மாறிடுச்சு. போனை வெச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு வர்றோம்னு நாங்க சொல்லவே இல்லைங்கிறாரு. நீ என்னம்மா கேட்டே?"

நான் கேட்டதை அப்படியே சொன்னேன். திரும்பவும் சொன்னேன். நம்பலை. முதல்ல, காதுல சரியா விழலைன்னா விழலைன்னு சொல்லணும்னார். அப்புறம், ஆபீஸ்ல நூறு போன் எடுக்கிறவ எதையோ எதோட கலந்துட்டான்னார். கடைசியா ஒண்ணு சொன்னார் பாருங்க: நாத்தனார் கல்யாணம் ஆகிப் போயிட்டா அவ சம்பளம் வீட்டுக்கு வராதாம், அதனால நானே ஒரு நாளைச் சொல்லிக் குழப்பிவிட்டேனாம்!

எனக்கு வந்ததே ஒரு கோபம். கையில இருந்த டம்ளரை ணங்குன்னு கீழே வெச்சேன். என் வீட்டுக்காரர் இருக்காரே, அவர் உலக மகா சமாதானப் பிரியர். என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கிட்டுப் போய், "ஒரு ஸாரி சொல்லிடு. தப்பாக் கேட்டுட்டேன்னு சொல்லிட்டா மேட்டர் முடிஞ்சுது"ன்னார்.

"நான் தப்பாக் கேட்கலைங்க."

"தெரியும். சும்மா சொல்லு."

"சும்மா எதுக்குங்க சொல்லணும்? நாளைக்கு இந்த வீட்டுல நான் எதைச் சொன்னாலும், 'அன்னைக்கே தப்பாக் கேட்டவதானே'ம்பாங்க. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

சொல்லிட்டேனே தவிர, கேசரிச் சட்டியைத் தேய்க்கும்போது கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. கத்துறவங்களுக்கு ஆதாரமே வேண்டாம். எனக்கு மட்டும் ஆதாரம் வேணும். எங்கே போவேன்? அப்பத்தான் மண்டையில பளிச்னு அடிச்சுது. என் போன்ல ஏன் இடமே இல்லை? நான் என்ன படமா எடுத்துத் தள்ளுறேன்?

எங்க டிராவல்ஸ்ல பிக்கப் சண்டை தினமும் வரும். கஸ்டமர் நான் இந்தப் பக்கம் சொன்னேன்பார், டிரைவர் அந்தப் பக்கம்பார். அதனால எல்லாரும் போன்ல கால் ரெக்கார்டிங் ஆன் பண்ணி வையுங்கன்னு ஓனர் எப்பவோ சொல்லியிருந்தார். என் சொந்த போன்லயும் ஆபீஸ் கால் வரும்கிறதால, தானா ரெக்கார்ட் ஆகுற மாதிரி வெச்சேன். வெச்சதோட சரி, மறந்தே போயிட்டேன். என்னோடது பழைய போன். ரெக்கார்ட் ஆகுதுன்னு எதிர்ல பேசுறவங்களுக்குச் சொல்லவும் சொல்லாது.

சோப்புக் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். தண்ணி டேங்க் பக்கத்துல உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். முதல்ல கால் லிஸ்ட்ல அந்த நம்பரைத் தொட்டுப் பார்த்தேன். பேசின நேரம் இருக்கு, பேச்சு இல்லை. பாட்டு கேட்கிற ஆப்ல பார்த்தேன். சாமிப் பாட்டும் குத்துப் பாட்டும்தான் வந்துச்சு. வாய்ஸ் ரெக்கார்டர்ல என் அக்கா பையன் கத்தின ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அப்பத்தான் காலையில கண்ணை மூடிக்கிட்டு டிக் பண்ணி அழிச்ச ஃபைல்கள் ஞாபகம் வந்துச்சு. அதுல இதுவும் போயிருந்தா? அடிப்பாவி, உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியேன்னு என்னை நானே திட்டிக்கிட்டேன்.

விடலை. ஃபைல் மேனேஜரைத் திறந்து, இன்டர்னல் ஸ்டோரேஜ் உள்ளே போனேன். பேர் புரியாத ஃபோல்டர் வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணாத் திறந்து, காலி, காலின்னு மூடிக்கிட்டே வந்தேன். கீழே ரெக்கார்டிங்ஸ்னு ஒண்ணு. அதுக்குள்ளே கால்னு ஒண்ணு. தொட்டேன்.

அம்மாடி! போன் வாங்கினதுல இருந்து நான் பேசினது மொத்தமும் அங்கே குந்திக்கிட்டு இருந்துச்சு. பேர் சேவ் பண்ணாததெல்லாம் வெறும் நம்பரா, பக்கத்துல தேதி. ஒண்ணைத் தொட்டா, "மேடம், சில்க் போர்டுல நிக்கிறேன், வண்டி எங்கே?"ன்னு யாரோ கத்துறார். இன்னொண்ணுல நான் என் அக்காகிட்ட மாமாவைப் பத்தி... அதை விடுங்க. தேதியைப் பார்த்துப் பார்த்து நகர்த்தி, அந்த நம்பரைக் கண்டுபிடிச்சு, போனைக் காதோட வெச்சு அழுத்திக்கிட்டேன்.

"ஏம்மா, நாந்தான் மர்பி டவுன்ல இருந்து. வர்ற திங்கள் நாங்க வந்து பொண்ணைப் பாத்துட்டுப் போயிடறோம். ஜாஸ்தி ஒண்ணும் பண்ண வாணாம், டீ போதும். டைம் பாத்துட்டு சொல்றேன்."

"திங்கள்தானே அங்கிள்? சரிங்க."

"ஆ, திங்கள்தான்."

திங்கள். ஒரு தடவை இல்லை, அவர் வாயால ரெண்டு தடவை. நான் மாடியில தனியா நின்னு, "பார்த்தியா!"ன்னு சத்தமாவே சொன்னேன். எதிர்வீட்டு மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்த அம்மா பயந்து பார்த்தாங்க.

கீழே வந்து, ஹால் நடுவுல நின்னு, சவுண்டை முழுசா வெச்சுப் போட்டேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போச்சு. இப்ப மாமா என்ன சொல்லுவார்னு பார்த்தா, அவர் எழுந்து நின்னு, "அப்போ அவனுங்கதான் புளுகுறானுங்க! அந்த ஆடியோவை எனக்கு அனுப்பு. நம்ம சொந்தக்காரங்க குரூப்ல போடறேன். இந்தச் சம்பந்தமே வேண்டாம். அவன் வண்டவாளம் ஊருக்குத் தெரியட்டும்"ங்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் பேரைக் காப்பாத்த நான் தேடி எடுத்ததை வெச்சு, இவ வாழ்க்கையைக் கெடுக்கப் பார்க்கிறாரே! திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் அந்த மஞ்சள் புடவையில சுவரோட ஒட்டி நின்னுக்கிட்டு இருந்தா.

"அனுப்ப மாட்டேன் மாமா"ன்னேன்.

"என்னது?"

"அவருக்கே தெரியாம பதிஞ்ச குரல் இது. முதல்ல அவர் கேட்கட்டும். அதுக்கப்புறம் பார்க்கலாம்."

போனைக் கொடுன்னு கையை நீட்டினார். நான் போனை முந்தானையில சுத்தி இடுப்புல செருகிக்கிட்டேன். அந்த வீட்டுல அதுவரைக்கும் யாரும் அவருக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது இல்லை. அவர் மூஞ்சி போன போக்கை இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது.

மறுநாள் காலையில ஆபீஸுக்கு லீவு சொன்னேன். மாமா ஆரணி பஸ்ஸுக்காக சாந்தி நகர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டார், என்கிட்ட சொல்லிக்கலை. நான் செருப்பு மாட்டும்போது நாத்தனாரும் வந்து செருப்பு மாட்டினா. நீ எதுக்குடி வர்றே, பொண்ணு அங்கே வரலாமான்னு கேட்டேன். "அவங்க பொண்ணு பார்க்க வரலைன்னா என்ன அண்ணி? நாம மாப்பிள்ளை பார்த்துட்டு வருவோம்"ன்னா. இவளுக்கு இருக்கிற நெஞ்சழுத்தம் எனக்குக் கூட இல்லைன்னு நினைச்சுக்கிட்டேன். ஆட்டோ பிடிச்சோம்.

மர்பி டவுன்ல, வாசல்ல தொட்டிச் செடி வெச்ச சின்ன வீடு. பையன் வேலைக்குப் போயிருந்தான். அவனோட அப்பா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். உட்காருங்கன்னு சொல்லலை. உங்க வீட்டு ஆள் பேசின பேச்சுக்கு வேற எவனாவது இருந்தா வாசப்படியே மிதிக்க விடமாட்டான்னார். நியாயம்தான், நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நின்னுக்கிட்டே பேசினேன். "அங்கிள், அன்னைக்கு நீங்க பேசினது என் போன்ல ரெக்கார்ட் ஆயிருக்கு. ஆபீஸுக்காக வெச்சது, உங்களுக்காக இல்லை. யாருக்கும் அனுப்பலை. எங்க வீட்டுல மட்டும் போட்டுக் காட்டினேன், அவங்க என்னைப் பொய் சொல்றேன்னாங்க, அதனால. நீங்க கேளுங்க. அழின்னு சொன்னா உங்க முன்னாலயே அழிச்சுடறேன். ஆனா நான் பொய் சொல்லலை, அது மட்டும் உங்களுக்குத் தெரியணும்."

போட்டேன். அவர் தலையைச் சாய்ச்சுக் கேட்டார். "என் குரல் இப்படியா கீது?"ன்னு முதல்ல ஆச்சரியப்பட்டார். அப்புறம் கையை விரிச்சு, "சரியாத்தானே சொல்லிக்கீறேன்? இதுல இன்னா தப்பு?"ன்னு எங்களையே கேட்டார்.

எனக்குத் தலை சுத்திச்சு. "அங்கிள், திங்கள்னு நீங்கதானே சொல்றீங்க?"

"ஆமாம்மா. வர்ற திங்கள்."

"அது நேத்து போயிடுச்சே அங்கிள்!"

"நேத்தா? நேத்து சோமவாரம்மா."

நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். அடுப்படியில இருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்தாங்க. அவங்கதான் முதல்ல சிரிச்சாங்க, கரண்டியோட தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அந்த மனுஷன் எழுந்துபோய், சுவத்துல தொங்கின கன்னட காலண்டர்ல அந்த மாசத்துத் தாளைத் தூக்கி, அடுத்த தாளைத் தட்டிக் காட்டினார்.

"இதாம்மா வர்ற திங்கள்!"

மாசம்! அவருக்குத் திங்கள்னா மாசம். கன்னடத்துல மாசத்தைத் திங்களுன்னுதான் சொல்லுவாங்க, திங்கட்கிழமையை சோமவாரம்பாங்க. எனக்குத் திங்கள்னா கிழமை. டைம் பார்த்துச் சொல்றேன்னு அவர் சொன்னது நல்ல நாளை, நான் நினைச்சது மணியை. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி, சரி சரின்னு போனை வெச்சிருக்கோம்.

"கன்னடத்துலயே பொழங்கிப் பொழங்கித் தமிழ் மறந்துபோச்சு இவருக்கு"ன்னு அந்தம்மா சொன்னாங்க. அவர் விடுவாரா? "ஏன், தமிழ்ல திங்கள்னா மாசம் இல்லியா?"ன்னு திருப்பிக் கேட்டார். எனக்கு ஸ்கூல்ல படிச்ச சித்திரைத் திங்கள் ஞாபகம் வந்துச்சு. அட, ஆமாம்ல! தமிழ்ப்படி பார்த்தாலும் அவர் சொன்னது சரி. நாத்தனார் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. முந்தின நாள் முழுக்க அழாம அடக்கி வெச்சிருந்தவ, சிரிச்சுக்கிட்டே அழுதுட்டா. அந்தம்மா அவளைக் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

ஆனா விஷயம் முடியலையே. மாமா பேசின பேச்சு அப்படியே நிக்குது. "அங்கிள், எங்க மாமா பேசினதுக்கு அவர் சார்பா நான் மன்னிப்பு கேட்க மாட்டேன். பேசினவர்தான் கேட்கணும்"னு சொல்லிட்டு, அங்கே இருந்தே மாமாவைக் கூப்பிட்டேன். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவுல விஷயத்தைப் புரியவைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை வறண்டுபோச்சு. புரிஞ்சதும், அவர்கிட்ட போனைக் குடும்மான்னார். பையனோட அப்பா கையில கொடுத்தேன். மாமா என்ன சொன்னாரோ, இவர், "வுடுங்க சார், ஸ்வல்ப குழப்பம், அவ்ளோதானே. கோபத்துல எல்லாரும் பேசுறதுதான்"னு பெரிய மனசோட முடிச்சுட்டார்.

போன் என் கைக்குத் திரும்பி வந்துச்சு. மாமா விட்டுக்கொடுக்கலை. "இருந்தாலும் நேத்து நீ ஒரு ஸாரி சொல்லியிருந்தா நேத்தே எல்லாம் முடிஞ்சிருக்கும்மா"ன்னார்.

"ஆமா மாமா. இந்தச் சம்பந்தமும் நேத்தே முடிஞ்சிருக்கும்"னேன்.

நான் தப்பாக் கேட்டுட்டேன்னு பணிஞ்சு போயிருந்தா யார் அந்த ஃபோல்டரைத் தேடியிருப்பா? யார் மர்பி டவுன் போயிருப்பா? அவங்களைப் பொறுத்தவரைக்கும் நாங்க வாய்க்கொழுப்பு பிடிச்ச குடும்பம், எங்களைப் பொறுத்தவரைக்கும் அவங்க புளுகுணிங்கன்னு போயிருக்கும். என் நாத்தனார் பூவைக் கழட்டி வெச்ச இடத்துலயே உட்கார்ந்திருப்பா.

அந்த ஆடியோவை அழிச்சுடட்டுமான்னு கிளம்பும்போது கேட்டேன். "வெச்சிக்கோம்மா. பேரப் பசங்களுக்குப் போட்டுக் காட்டலாம்"னார்.

அவர் சொன்ன திங்கள் பிறந்ததும், தேதி, கிழமை, மணி எல்லாத்தையும் தமிழ்ல ஒரு தடவை, கன்னடத்துல ஒரு தடவை சொல்லிட்டு, குடும்பத்தோட வந்து பொண்ணு பார்த்தார். திரும்பவும் கேசரி. கல்யாணமும் நல்லபடியா நடந்துச்சு. இப்ப என் நாத்தனார் மர்பி டவுன்காரி. "அண்ணி, அடுத்த திங்கள் வர்றேன்"னு போன் பண்ணி வேணும்னே வம்பிழுப்பா. மாமா என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் ஸாரின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனா ஆரணியில ஒரு விசேஷம்னா நேரா எனக்குத்தான் போன் வரும். தேதி, கிழமை, மாசம் எல்லாத்தையும் சொல்லிட்டு, "சரியாக் கேட்டுக்கிட்டியாம்மா?"ன்னு கேட்க மாட்டார். "நான் சரியாச் சொன்னேனாம்மா?"ன்னுதான் கேட்பார்.

இப்ப போன் மாத்திட்டேன். பழைய போன்ல இருந்து முதல்ல மாத்தின ஃபைல் அதுதான். மனசு சோர்ந்துபோற அன்னைக்கு ரெக்கார்டிங்ஸ் உள்ளே போய், கால் ஃபோல்டரைத் திறந்து, ஒரு தடவை போட்டுக் கேட்பேன். என் வீட்டுக்காரர் மட்டும், அது கிடைச்சதாலதானே நீ தப்பிச்சேன்னு அப்பப்போ சொல்லுவார். இல்லவே இல்லைங்க. காலையில கண்ணை மூடிக்கிட்டு அழிச்சதோட அழிச்சதா அந்த ஃபைல் போய்த் தொலைஞ்சிருந்தாலும், நான் கேட்டது திங்கள்தான், ஸாரி சொல்லியிருக்கவே மாட்டேன்.